மூக்கரைக் கொடியில் போட்டது

மூக்கர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. கூப்பிடாவிட்டால்தான் வரும். மூக்கு என்னவோ சாதாரண அளவுதான். எங்கேயும் இடிக்காது, எதிலும் சிக்காது. பட்டம் வந்தது வேலையால். ட்ரைகிளீனிங் கடைக்குக் கொண்டுவரும் எந்தத் துணியையும் அவர் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, முகத்தைப் புதைத்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகுதான் பேச்சு.

அன்றைக்கு வந்தவர் ஒரு வக்கீலம்மா. வெளியே மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைக் கவுண்டரில் போட்டார்.

"இது என்ன கறைன்னே தெரியலைங்க."

மூக்கர் முகத்தைப் புதைத்து எடுத்தார். "காப்பி. பால் விட்டது. வீட்டுக் காப்பி இல்ல, ஆபீஸ் மெஷின்ல பிடிச்சது. உங்க மேல கொட்டின ஆளு ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

"அதெப்படிங்க அதுகூட?"

"மெஷின் காப்பி வரைக்கும் மூக்கு சொல்லிச்சு. மன்னிப்பு விஷயம் உங்க மூஞ்சில இருந்துச்சு."

பின்னால் நீராவி இஸ்திரிப்பெட்டியோடு நின்றிருந்த அவர் மனைவி, தலையை நிமிர்த்தாமல், "ஆரம்பிச்சாச்சு" என்றாள். சட்டைக் கையைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதற்குள் அவள் முகம் மறைந்தது. சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று தெரியாமல் போவது மூக்கருக்குப் பல வருஷமாகச் சௌகரியமாக இருந்தது.

"தண்ணில போட்டா சுருங்கிடுமோன்னுதான் இங்க கொண்டாந்தேன்" என்றார் வக்கீலம்மா.

இந்த வாக்கியத்துக்காகத்தான் மூக்கர் தினமும் கடை திறக்கிறார்.

"தண்ணியா! துணிக்கு அதைவிட எதிரி உண்டா? கம்பளி சுருங்கும், பட்டு கோவிச்சுக்கும், சாயம் ஊரைச் சுத்தும். இங்க வாங்க, ஒண்ணு காட்டறேன்."

கவுண்டருக்கு உள்ளே ஒரு மூடிய கண்ணாடிக் குப்பி எப்போதும் இருக்கும். அதில் பாதி தண்ணீர், பாதி பெர்க். பெர்க் என்பதுதான் மெஷினுக்குள் ஓடும் திரவம். முழுப் பெயர் நாக்கைச் சுளுக்க வைக்கும் என்பதால் தொழிலில் யாரும் அதைச் சொல்வதில்லை. மூக்கர் குப்பியைக் குலுக்கிக் கவுண்டரில் வைத்தார். கலங்கியது கொஞ்ச நேரத்தில் தெளிந்து, நடுவில் கோடு கிழித்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

"மேல நிக்கிறது தண்ணி. கீழ கம்முனு உக்காந்திருக்கு பாருங்க, அதான் நம்ம ஆளு. பாத்தா தண்ணி மாதிரியே இருப்பாரு. ஆனா கனம் அதிகம், தண்ணியோட ஒட்டவே மாட்டாரு. தீக்குச்சி கிழிச்சுப் போட்டாலும் பத்த மாட்டாரு. எண்ணெய், நெய், மெழுகு, கிரீஸ் எதுவா இருந்தாலும் கரைச்சு எடுத்துட்டு வந்துடுவாரு. கம்பளியைத் தொடக்கூட மாட்டாரு. அழுக்கான பிறகு காய்ச்சி ஆவியாக்கிக் குளிர வெச்சா, திரும்பப் பச்சப்புள்ள மாதிரி தெளிவா வந்து நிப்பாரு. அழுக்கு மட்டும் அடியில தாரு மாதிரி தங்கிடும். மனுஷங்களுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தா உங்க கோர்ட்டுக்கு வேலை இருக்குமா?"

"அப்ப காப்பிக் கறை போயிடும்?"

மூக்கர் குரலைத் தாழ்த்தினார். "பாலோட கொழுப்பு போயிடும். சர்க்கரைக்கு மட்டும் நம்ம ஆளு ஆக மாட்டாரு. அதுக்கு ஓரமா ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுத் துடைக்கணும். வெளிய சொல்லிடாதீங்க. தொழில் கெட்டுடும்."

"பட்டன் கதையையும் சொல்லுங்களேன்" என்றது நீராவி.

அந்தக் கதையை மூக்கர் தானாகச் சொல்ல மாட்டார். பேண்டு வாத்தியக்காரர் ஒருவரின் சிவப்புக் கோட்டில் மினுக்குப் பட்டன்கள் இருந்தன. என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமல் மூக்கர் மெஷினில் போட்டார். பெர்க் அவற்றையும் கொழுப்பென்று நினைத்துவிட்டது. கதவைத் திறந்தபோது பட்டன்கள் மிட்டாய் மாதிரி இளகி, கூடப் போட்டிருந்த அத்தனை துணியையும் ஒரே குடும்பமாக ஒட்டவைத்திருந்தன. வாத்தியக்காரர் அந்த வாரம் ஊக்கு குத்திக்கொண்டு ஊதினார். ஒவ்வொரு துணியின் பட்டனையும் பார்த்து, தேவைப்பட்டால் வெட்டி எடுத்து, வெளுத்த பிறகு தைத்துக் கொடுப்பது அன்றிலிருந்து மனைவியின் பொறுப்பு. மோப்பம் மட்டும் மூக்கருடையது.

அந்த மோப்பத்தில் இன்னொரு வேலையும் அடக்கம். மெஷினுக்குள் துணி சுழன்று, பெர்க் வடிந்து, சூடான காற்றில் காய வேண்டும். காய்ந்ததா என்று சொல்ல மெஷினிலேயே ஒரு விளக்கு இருக்கிறது. மூக்கர் அந்த விளக்கை மதிப்பதில்லை. கதவைத் திறந்து, தலையை டிரம்முக்குள் தோள் வரைக்கும் விட்டு, ஆழமாக இழுப்பார். தலை வெளியே வரும். "சுத்தம்" என்பார். கல்யாணமான புதிதிலிருந்து மனைவி பார்த்துவரும் காட்சி இது. மெஷின் ஒருநாள் அவரை விழுங்கிவிடும் என்று ஆரம்பத்தில் பயந்தாள். பிறகு, விழுங்கினாலும் பேச்சுச் சத்தத்தில் துப்பிவிடும் என்று தைரியமானாள்.

மெஷினைத் தாண்டி ஒரு திரை. திரையைத் தாண்டி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒற்றை ஜன்னல். அந்த ஜன்னலும் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றுதான். அவர்களுடைய ஒரே மகள் அங்கேதான் வளர்ந்தாள், அங்கிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். இப்போது வயிற்றில் ஏழு மாதத்தோடு அங்கேயே வந்திருந்தாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்குத்தான் வர முடியும்.

மகள் வந்ததும் மூக்கருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பெட்டியிலிருந்து ஒரு பஞ்சுப் போர்வையை இழுத்தார். கையகலக் கனம், பூப்போட்ட மேல்துணி. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குள் ஒளிந்துகொண்டு, "கடை மூடியாச்சு" என்று கத்துவாள்.

"மழைக்காலம். பாப்பா இதைத்தான் போத்திக்கணும்" என்றார்.

"பெட்டி வாசனை அடிக்கும். கொஞ்சம் காத்தாட விடுங்க" என்றாள் மனைவி.

"காத்தாவது! கடைய வெச்சுக்கிட்டு?"

போர்வை மெஷினுக்குள் போனது. அன்றைக்குப் பார்த்து ஓட்டல்காரரின் திரைச்சீலைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஓட்டல்காரரின் ஆள் மறுநாள் மாலையில் வந்து நிற்பான். போர்வை காய்ந்துகொண்டிருந்தபோதே மூக்கர் கதவைத் திறந்தார், தலையை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார்.

"சுத்தம்."

விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அதை யார் கேட்டார்கள்?

மறுநாள் மத்தியானம். சாப்பாடு முடிந்து மகள் படுத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, சாரல். மூக்கர் தன் கையாலேயே போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக் கடைக்கு வந்தார். திரைச்சீலைகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது திரை விலகியது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ஒரு கால் எங்கே இருக்கிறது என்று இன்னொரு காலுக்குத் தெரியாத மாதிரி ஒரு அடி வைத்தாள்.

"அப்பா, தலை சுத்துது. குடிச்ச மாதிரி இருக்கு."

"ஐயோ" என்று இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள் அம்மா. இருவருமாக அவளைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மழைக்காற்று முகத்தில் அடித்ததும் அவள் வாயால் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கொஞ்சம் நிறம் திரும்பியது. அம்மாவும் மகளும் டாக்டரிடம் போனார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, மகளின் தலைமுடிப் பக்கம் குனிந்து, "என்ன இது, பெயிண்ட் கடைல படுத்தீங்களா?" என்று கேட்டாராம். இனி அந்தப் பக்கமே படுக்க வேண்டாம், நல்ல காற்றில் இருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

மூக்கருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பெயிண்ட்டா? நம்ம வீட்லயா? அந்த அம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கும்."

மகள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நாற்காலியை நடைபாதைக் கூரைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நாத்தம் அடிக்குதுப்பா. போர்வைல, திரைல, சுவர்ல, எல்லாத்துலயும். வந்த அன்னைக்கே தெரிஞ்சுது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சும்மா இருந்தேன்."

"என்ன நாத்தம்? எங்க நாத்தம்? ஊர்ல எவன் வீட்டுக் குழம்பு எவன் சட்டைல ஒட்டினாலும் சொல்றவன் நான். எனக்குத் தெரியாத நாத்தம் உனக்குத் தெரியுதா?"

"ஏங்க, விடுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ சொல்லு. உனக்கு அடிக்குதா?"

அவள் இஸ்திரி மேசையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலடி" என்றாள் மெதுவாக. சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்த மாதிரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இங்க இருந்த வரைக்கும் தெரியலம்மா" என்றாள் மகள். "கல்யாணமாகிப் போன முதல் வாரம் அவர் என் பெட்டியைத் திறந்துட்டு, 'என்ன இது, இனிப்பா மருந்து மாதிரி ஒரு வாசனை'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நாள் கழிச்சு நானே அந்தப் பெட்டியைத் திறந்தேன். அப்பதான் தெரிஞ்சுது. பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஏன் யாரும் உக்கார மாட்டாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது."

மகளின் பள்ளிச் சீருடையை மூக்கர் தண்ணீரில் நனைய விட்டதே இல்லை. வாரம் தவறாமல் மெஷினில் போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்க வைத்து, 'பள்ளிக்கூடத்துலயே ட்ரைகிளீன் போட்ட ஒரே சீருடை' என்று வாடிக்கையாளரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர்.

அந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, மெக்கானிக். மெஷினுக்கு எப்போதாவது முடியாமல் போனால் அவன்தான் வைத்தியன். அக்கா போன் செய்திருந்தாள். பையை இறக்கிவிட்டு, நடைபாதையில் உட்கார்ந்திருந்த மகளின் தலையைத் தொட்டான். உள்ளே போனான். மெஷின் கதவைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் நெருடினான். காற்றாடியைக் கழற்றிப் பார்த்தான். போர்வையைத் தூக்கி, நடுவில் இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து முகர்ந்தான். முகத்தை வெடுக்கென்று திருப்பினான்.

"அத்தான், கதவு ரப்பர் வெடிச்சு ரொம்ப நாளாச்சு. காத்தாடியும் பாதி வேகம்தான். மெல்லிசுத் துணி எப்படியோ காஞ்சிடும். இது பஞ்சு. மேல காஞ்சிருக்கும், நடுவுல அப்படியே குடிச்சு வெச்சிருக்கும். உடம்புச் சூடு பட்டா மெல்ல மெல்ல விடும். ஜன்னல் வேற சாத்தியிருந்துச்சு."

"மாப்ள, நான் மோந்து பாத்தேன்டா."

"அதுதான் பயமா இருக்கு" என்றான் அவன். "கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"உங்க மூக்குக்குப் பரீட்சை. தோத்துட்டா நான் இனிமே உங்களை மூக்கர்னே சொல்ல மாட்டேன்."

மூக்கருக்குப் பரீட்சை என்றால் பாயசம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கண்ணை மூடினார், மனைவி ஒரு சுத்தமான துண்டைக் கண்ணில் கட்டினாள். நடைபாதையிலிருந்து மகளும் எட்டிப் பார்த்தாள்.

மைத்துனன் ஒரு துணியை மூக்கருகே கொண்டுபோனான்.

"கிரீஸ். உன் பைக்குள்ள இருந்த துணி. அதுக்கு முன்னாடி யாரோ இதுல ஆரஞ்சுப்பழம் சாப்பிட்டுக் கை துடைச்சிருக்காங்க."

"என் சின்னப் பையன்" என்றான் மைத்துனன் வியப்போடு. அடுத்ததை நீட்டினான்.

"இது உங்க அக்காவோட கைத்துணி. வெங்காயம் வதக்கியிருக்கா. கொஞ்சம் தீஞ்சுபோச்சு. மத்தியானம் என்கிட்ட சொல்லவே இல்ல."

"மூக்கா அது, போலீஸா?" என்றாள் மனைவி.

மகளே சிரித்துவிட்டாள். மூக்கர் அந்தச் சிரிப்பைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்தாயிற்று. மூன்றாவது துணி வந்தது. மூக்கர் இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. அலமாரிலேருந்து எடுத்த சுத்தத் துணி. என்ன மாப்ள, ஏமாத்தப் பாக்கறியா? சுத்தம்!"

மழை மட்டும் தகரக் கூரையில் பேசிக்கொண்டிருந்தது. மூக்கர் துண்டை அவிழ்த்தார். மைத்துனன் ரப்பர் உறை போட்ட கையில் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்திருந்தான். அது நனைந்து, தரையில் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தரையில் விழுந்த சொட்டுகள் பார்க்கப் பார்க்க மறைந்தன. தண்ணீர் அப்படி மறையாது.

"பெர்க்" என்றான் மைத்துனன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. துணியை உடனே மூடியுள்ள டப்பாவில் போட்டு அழுத்தினான். "உலகத்துல எல்லா வாசனையும் தெரியுது அத்தான் உங்களுக்கு. இது ஒண்ணைத் தவிர. தலையை உள்ள விட்டு விட்டு இழுத்தீங்க இல்ல? இது எப்பவும் இருக்கற சமாச்சாரம்தானேன்னு மூக்கு இதைக் கணக்குலேருந்தே எடுத்துடுச்சு."

மூக்கர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

மகள் அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். மைத்துனன் வீடு மேட்டுத் தெருவில், காற்று நாலு பக்கமும் அடிக்கும் மொட்டைமாடியோடு இருந்தது. அம்மாவும் கூடப் போனாள். வண்டியில் ஏறுமுன் மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"நாத்தத்துக்காக மட்டும் போகலப்பா. நாத்தத்தைத் தொடைச்சுக்கலாம். இல்லவே இல்லைன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான். உங்க மூக்குக்கே அது தெரியட்டும். அன்னைக்கு வர்றேன்."

வண்டி போனது. மூக்கர் கடைக்குள் வந்தார். மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பழக்கதோஷத்தில் தலையை உள்ளே விடப் போனவர், பாதியில் நிறுத்தி, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ரப்பரும் காற்றாடியும் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். அதுவரை மெஷின் ஓடக் கூடாது என்று மைத்துனன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் போயிருந்தான். மூக்கர் தானே ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார். ஒரு பக்கம் கரி. அந்த வாசனை தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

மறுநாள் ஒரு தந்திரத்தோடு மேட்டுத் தெருவுக்குப் போனார்.

மகள் மொட்டைமாடிக் கூரைக்கு அடியில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"பாப்பா, தெரிஞ்சுடுச்சு" என்றார் மூக்கர், படியேறிய மூச்சோடு. "நேத்து ராத்திரியே தெரிஞ்சுடுச்சு. அப்பப்பா, என்னா நாத்தம்! கிளம்பு, போலாம்."

மகள் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எப்படிப்பா நாறுது?"

"எப்படின்னா... நாத்தம் எப்படி இருக்கும்? அழுகின முட்டை மாதிரி."

"அழுகின முட்டை."

"கொஞ்சம் மீன் வாடையும்."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் சொல்லல? பரீட்சைக்குப் படிக்காமலே வந்திருப்பார்னு?" என்றாள். மகளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்து புரையேறியது. மூக்கர் அவள் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே, "இனிப்புன்னு நேத்து நீயே சொன்னியே, மறந்துட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"அப்பா, எனக்கு உங்க வாய் வேண்டாம். மூக்கு வேணும்."

மைத்துனன் பஞ்சுப் போர்வையை வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு மேலே வந்தான். மகள் இருந்த இடத்துக்கு எட்டாத தூரத்தில், கூரையின் மறுகோடியில், காற்றுப் போகும் திசையில் ஒரு கொடி கட்டியிருந்தான். போர்வையை அதில் போட்டு, கிளிப் மாட்டினான். பிறகு மூக்கரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அத்தான், உங்களையும் இது பக்கத்துலயே கொடில போடணும். வெளிக்காத்து பட்டாத்தான் உங்க மூக்கும் விடும். கடைப்பக்கம் போகாம இங்கயே இருங்க. சாமான் வர வரைக்கும்."

"இங்கயா? நான் என்னடா பண்றது இங்க?"

"காயுங்க" என்றான் மைத்துனன்.

ஆக மூக்கரைக் கொடியில் போட்டார்கள். மாற்றுத் துணிகூடக் கடையிலிருந்து எடுக்க விடவில்லை. மைத்துனனின் சட்டையில் அவருடைய கை மணிக்கட்டைத் தாண்டி மறைந்துபோனது. தொப்பை மட்டும் மறைய மறுத்தது. காலையில் மாடியில் நடப்பார். மழை விட்டால் தெருவில் இறங்கி ரொட்டிக் கடை வரைக்கும் போவார். திரும்பி வந்ததும், யார் வீட்டில் என்ன வேகிறது என்று மகளிடம் செய்தி வாசிப்பார். கீழ் வீட்டில் கோழி, எதிர் வீட்டில் சண்டை.

"சண்டைக்கு ஏதுப்பா வாசனை?"

"பால் பொங்கி அடுப்புல வழிஞ்சு தீயுது, யாரும் அணைக்கல. சண்டைதான்."

மகளின் கோபம் அந்த மாதிரிச் செய்திகளில் கரைந்துகொண்டிருந்தது. ஆனால் நிபந்தனை கரையவில்லை. மூக்கரும் வற்புறுத்தவில்லை. தினமும் ஒருமுறை போர்வையருகே போய் நின்று இழுப்பார். ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து உட்காருவார். ஒருநாள் மகளைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல... ஒருத்தருமே உக்கார மாட்டாங்களா?"

"ஒரு பொண்ணு உக்காருவா. அவ அப்பாவுக்கு மீன் வியாபாரம்."

மூக்கர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு கைக்குட்டையைத் தேடினார். மைத்துனன் சட்டையில் அது எந்தப் பையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் தன் துண்டை நீட்டினாள்.

ஒரு வழியாகச் சாமான் வந்து சேர்ந்தது. மழையும் அன்றைக்குக் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மூக்கரும் மைத்துனனும் காலையில் கடைக்குப் போனார்கள். ஷட்டரை மூக்கரே தூக்கினார். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

வைத்த காலை எடுத்தார்.

யாரோ ஈரக் கையால் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இனிப்பு. வாயில் போடாத மிட்டாய் அடிநாக்கில் கரைகிற மாதிரி ஒரு இனிப்பு. அதற்குப் பின்னால் மருந்து. அதற்கும் பின்னால், நெற்றிக்குள் புகுந்து உட்காரும் ஒரு குளிர். மூக்கர் தெருவுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள! நாறுதுடா!"

"என்னது?"

"நாறுது! நல்லா நாறுது! மண்டைக்குள்ள போய் நாறுது!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சொந்தக் கடை வாசலில் நின்று, கடை நாறுகிறது என்று இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடும் முதலாளியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. "என் மூக்கு வந்துடுச்சுடா!"

மைத்துனன் அவரைக் கட்டிப்பிடித்தான். இருவரும் எல்லாக் கதவையும் திறந்து வைத்து, வெளியே கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மூக்கர் கைக்குட்டையை முகத்தில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். கவுண்டர், மெஷின், திரை. திரையை விலக்கினார். மனைவியின் கட்டில். மகள் படித்த மேசை. ஆணியில் மனைவியின் பழைய சேலை. அதை எடுத்து முகர்ந்தார். அதிலும் அந்த இனிப்பு. சமையலறையில் மாவு டப்பாவைத் திறந்தார். அதிலும்.

கொண்டாட்டம் அந்த டப்பாவோடு முடிந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மனைவி பல வருஷம் இதற்குள் சமைத்தாள், தூங்கினாள், தலைவலிக்கிறது என்றபோதெல்லாம் டீ போட்டுக் குடி என்று சொன்னேன் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே மாவைக் குப்பையில் கொட்டினார்.

வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

"பாப்பா. இனிக்குது. மிட்டாயும் மருந்தும் கலந்த மாதிரி. நெத்திக்குள்ள போய் உக்காருது."

"ஆமாப்பா. அதேதான். சரி, நான் துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன். சாயங்காலம் வர்றேன்."

"வராதே" என்றார் மூக்கர்.

"என்னப்பா?"

"நீ வராதே. உங்கம்மாவும் வர வேண்டாம். இங்க மெஷின் மட்டும் இருக்கட்டும். மேட்டுத் தெருவுல உன் மாமா வீட்டுக்குக் கீழ ஒரு போர்ஷன் காலியா இருக்கு இல்ல? நான் பேசிக்கிறேன். சட்டி பானையெல்லாம் கழுவி அங்க கொண்டாந்துடறேன். நாம இருக்கறது வீடு, மெஷின் இருக்கறது கடை. அவ்வளவுதான். மனுஷன் ரெண்டையும் கலந்தா..." குப்பி ஞாபகம் வந்தது. "கலந்தாலும் பிரிஞ்சு நின்னுக்கணும்."

ரப்பர் மாற்றினார்கள், காற்றாடி மாட்டினார்கள். பின்சுவரை இடித்துப் புகைபோக்கி வைக்க ஆள் வந்தது. மெஷின் விளக்குக்கு மேலே மூக்கர் தன் கையாலேயே ஒரு அட்டை ஒட்டினார்: 'தலையை உள்ளே விடாதே.' படிப்பவர் அவர் ஒருவர்தான் என்றாலும் மரியாதை இல்லாமலே எழுதியிருந்தார்.

மேட்டுத் தெருவில் வெயில் நன்றாக அடித்த ஒரு பகல். மகள் மாடிக்கு வந்தாள். அம்மா கொடியில் கிடந்த பஞ்சுப் போர்வையை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பாரு."

மகள் தள்ளி நின்றே இழுத்தாள். "எனக்கும் தெரியலம்மா. வெயில் வாசனைதான் வருது."

"கொண்டா இங்க." மாடி மூலையிலிருந்து மூக்கரின் குரல் வந்தது. எழுந்து வந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு இழுப்பு. "இருக்கு. இடது ஓரம், நடுப்பஞ்சுல, கொசுறு மாதிரி இருக்கு. இந்தப் போர்வை நம்ம பிள்ளைக்கு வேண்டாம்."

"மூக்கர்னா மூக்கர்தான்" என்றாள் மனைவி. இந்தத் தடவை நீராவி இல்லை. முகத்தில் இருந்தது முழுச் சிரிப்பு என்று மூக்கருக்கு நன்றாகவே தெரிந்தது.

"அப்ப குழந்தைக்கு எதைப் போத்தறது?" என்றாள் மகள்.

மூக்கர் பதில் சொல்லாமல் மூலைக்குத் திரும்பிப் போனார். அங்கே குழாயடியில் ஒரு வாளி. வாளி நிறையத் தண்ணீர், சோப்பு நுரை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மனைவியின் நைந்துபோன பருத்திச் சேலைகளை நாலாக மடித்துத் தைத்த சின்னப் போர்வை ஒன்றை, ஏற்கெனவே பலமுறை அலசியதை, மறுபடி தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்.

"அப்பா! நீங்களா? தண்ணிலயா?"

மூக்கர் பிழிந்தார். உதறினார். தண்ணீர் அவர் முகமெல்லாம் தெறித்தது. முகர்ந்து பார்த்துத் திருப்தியோடு கொடியில் போட்டார்.

"வெளிய சொல்லிடாதே" என்றார். "தொழில் கெட்டுடும்."